சீட்டுக் காசோடு போய்விட்டார்: "மனுஷனை நம்பாதே" என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

தாம்வே மேரி | யாங்கோன் | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. சமையல் பகுதியில் எட்டிப் பார்ப்பதோடு சரி. இன்று வேறு ஒரு விஷயமாக வந்திருக்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு அக்கா பல வருஷமாக ஏலச் சீட்டு நடத்தி வந்தார். 20 பேர், ஆளுக்கு மாதம் ஒன்றரை லட்சம் கியாட், மொத்தம் 30 லட்சம். வழக்கப்படி முதல் சீட்டு நடத்துகிறவருக்கு. அதன் பிறகு மாதாமாதம் ஏலம். அவசரக்காரர்கள் தள்ளி, அதாவது தொகையைக் குறைத்து, எடுத்துக்கொள்வார்கள், அந்தத் தள்ளு மற்றவர்களுக்குப் பிரியும். மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்பதால் நான் கடைசிவரை பொறுத்திருந்து முழுசாக எடுக்கலாம் என்று இருந்தேன். 14-வது மாதம் வசூல் முடிந்த அதே வாரம் அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். தாய்லாந்து எல்லையில், மேசோட் பக்கம் என்கிறார்கள். வைபரில் அனுப்பினால் செய்தி போய்ச் சேருகிறது, பதில் இல்லை. இன்னும் சீட்டு எடுக்காதவர்கள் 7 பேர். அதில் நான் ஒருத்தி.

காசு போனது வயிற்றெரிச்சல்தான். போனால் போகட்டும் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. ஆனால் கேட்க வந்தது அதை இல்லை. இதைக் கேள்விப்பட்டதும் சபையில் ஒரு அம்மா, "மனுஷரை நம்பினே இல்ல, அதான் ஆண்டவர் பாடம் சொல்லிக் குடுத்திருக்கார்" என்றார். ஒரு மூப்பர், "சபை பேர் கெட்டுப்போகும், வெளியே பேச வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். என் அம்மா கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராத்திரி மாற்றி மாற்றிக் கண் விழித்தது இந்த அக்காதான். சுக்கு தட்டிப் போட்ட கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து ஊட்டினார். "எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்" என்று சங்கீதம் 55-ல் வருகிறதே, சின்ன வயசிலிருந்து படித்ததுதான். இப்போது அந்த இடத்துக்கு வந்தால் தாண்ட முடியவில்லை.

கர்த்தர் உண்மையுள்ளவர் என்று நானும் நம்புகிறேன். அதையே எடுத்து என் வாயை அடைக்கிறார்கள் என்பதால் அந்த வார்த்தையைக் கேட்டாலே கசக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஜெபவீரன் | யாங்கோன் | ஞாயிறு இரவு

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வேதம் தெளிவாகச் சொல்கிறது, "மனுஷன்மேல் நம்பிக்கைவைத்து" வாழ்கிறவன் சபிக்கப்பட்டவன், எரேமியா 17:5. விசுவாசிகள் சீட்டு கட்டுவதே சரியில்லை. பாங்கில் போட்டிருந்தால் இந்த நிலைமை வருமா? மன்னித்துவிட்டு ஜெபத்தில் தரித்திருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி ஜட்சன் ஐயா இந்த மண்ணில் பட்ட பாட்டைப் பாருங்கள், ஒரு வார்த்தை முறுமுறுத்தாரா?

ரங்கூன் ரவி | யாங்கோன் | ஞாயிறு இரவு

பாங்கா? அண்ணே, நீங்கள் இதே ஊரில்தான் இருக்கிறீர்களா? 2021-ல் நம்ம காசை நாமே எடுக்க விடியற்காலையில் போய் டோக்கனுக்கு நின்றோமே, மறந்துவிட்டதா? அதற்கு முந்தைய கதை என் அப்பாவுக்குத் தெரியும். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 செல்லாது என்றார்கள், அந்தத் தடவை மாற்றிக்கூடத் தரவில்லை. அப்பா டின்னில் போட்டு வைத்திருந்த 75 கியாட் நோட்டுகளை நாங்கள் வியாபாரம் வைத்து விளையாடினோம். இந்த ஊரில் சனங்கள் தங்கத்தையும் தெரிந்த மனுஷர்களையும் நம்புவது ஆண்டவர் மேல் விசுவாசம் குறைந்ததால் இல்லை, வேறு வழி இல்லாததால்.

மேரி அக்கா, உங்களுக்கு வந்தது நம்பிக்கை மோசடி. பாடம், கீடம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நிர்வாகி

நாட்டு நடப்பைத் தொட வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது? எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நாட்டுக்குள்ளே இருக்கிறார்கள். ரவி, பழைய நோட்டுக் கதை பரவாயில்லை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் பெயரையோ சபையின் பெயரையோ யாரும் எழுதக்கூடாது.

மோல்மேன் சயா | மோல்மேன் | திங்கள் காலை

மேரி அம்மாவுக்கும் தம்பி ஜெபவீரனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் கத்திய தொண்டை.

தம்பி எடுத்துக் காட்டிய வசனத்தில் பாதியைத்தான் காட்டினார். "மனுஷன்மேல் நம்பிக்கைவைத்து, மாம்சமானதைத் தன் புயபலமாக்கிக்கொண்டு, கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள" என்று அது ஓடுகிறது. எரேமியா எந்தக் காலத்தில் பேசியவர் என்பதைப் பாருங்கள். பாபிலோன் வந்து கழுத்தைப் பிடிக்கிறது, யூதாவின் ராஜாக்கள் எகிப்தின் குதிரையும் சேனையும் காப்பாற்றும் என்று கணக்குப் போடுகிறார்கள். மகள் படிப்புக்காக அக்கம்பக்கத்து அக்காவிடம் மாதாமாதம் ஒன்றரை லட்சம் கொடுத்தவளை அந்த ராஜாக்கள் வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

இன்னும் இருக்கிறது. இப்படிச் சொன்ன எரேமியாவையே பிறகு பிரபுக்கள் பிடித்துக் கயிறு கட்டித் துரவில் இறக்கினார்கள். துரவில் தண்ணீர் இல்லை, சேறு. அதில் அமிழ்ந்து கிடந்தார். அவரை யார் எடுத்தது? 38-ஆம் அதிகாரம். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன். அரமனையில் வேலை பார்த்த வெளியூர்க்காரன், நம்மைப் போல. ராஜாவிடம் நேரே போய் இது பொல்லாப்பு என்று சொல்லி, 30 பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். வருகிற வழியில் அரமனைப் பொக்கிஷ அறையின் கீழ் கிடந்த பழம் புடவை, கந்தல் எல்லாம் அள்ளிக்கொள்கிறான். கயிறு அறுக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "இதை உம்முடைய அக்குளில் கயிறுகளுக்குள் வைத்துக்கொள்ளும்" என்று மேலே இருந்து சொல்கிறான். எரேமியா வைத்துக்கொண்டார். "மனுஷனை நம்பமாட்டேன், தேவதூதன் வரட்டும்" என்று சேற்றில் உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த அதிகாரத்தின் முடிவில் கர்த்தர் அந்த எத்தியோப்பியனுக்கென்றே தனியாக ஒரு வாக்குச் சொல்லி அனுப்புகிறார், உன் பிராணன் தப்பும் என்று.

ஆகவே அம்மா, கர்த்தர் உண்மையுள்ளவர் என்பதை மனுஷரைக் கைகழுவுவதற்கு ஒரு சாக்காக எரேமியாவின் புஸ்தகம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அக்காவைப் போய்க் கட்டிப்பிடி என்றும் அது சொல்லவில்லை.

அப்புறம், ஜட்சன் முறுமுறுக்கவில்லை என்று தம்பிக்கு யார் சொன்னது? எங்கள் ஊர்க்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1824-லிருந்து ஆவாவிலும் அவுங்பின்லேயிலும் சிறையில் கிடந்தார். வெளியே வந்த வருஷமே, 1826 அக்டோபரில், மனைவி ஆன் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் கைக்குழந்தையும் போயிற்று. அதற்குப் பிறகு மனுஷர் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு, தனக்கே ஒரு குழி தோண்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்று 1829-ல் கடிதம் எழுதினார். அதே மனுஷர்தான் 1834-ல் இங்கே மோல்மேனில் பர்மிய வேதாகமத்தை முடித்தார். புலம்பாமல் முடித்தார் என்று சொல்லாதீர்கள்.

பெகு ஆச்சி | பெகு | திங்கள் மத்தியானம்

நான் கோயிலுக்குப் போகிறவள், உங்கள் வேதம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் சயா எழுதியதைப் படித்ததும் சுந்தரர் ஞாபகம் வந்தார். திருவொற்றியூரில் சங்கிலியாருக்கு உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு, திருவாரூருக்குக் கிளம்பினார், கண் போயிற்று. தப்பு அவர் மேல். அப்படியும் திருவாரூர் வந்து சாமி முன்னால் நின்று "வாழ்ந்து போதீரே" என்று பாடுகிறார். அதாவது நாங்கள் இப்படிக் கிடக்கிறோம், நீர் நல்லா இரும் சாமி என்று. ஒரு கண் காஞ்சியில் முன்னமே வந்துவிட்டது, மற்றது அங்கே கிடைத்தது. சத்தியம் தவறினவருக்கே சாமியைத் திட்ட உரிமை இருக்கும்போது, ஒரு தப்பும் பண்ணாத உங்களுக்கு இல்லையா மேரி?

வாய் விட்டுத் திட்டும்மா. அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார். யார் சாமியாக இருந்தாலும்.

மோல்மேன் சயா | மோல்மேன் | திங்கள் மத்தியானம்

ஆச்சி சொன்னது எங்கள் பக்கமும் உண்டு. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று காலண்டரில் போடுகிறார்களே, அது புலம்பல் 3-ஆம் அதிகாரம். அதற்குச் சில வசனம் முந்தி அதே ஆள் கர்த்தரைப் பதுங்கியிருக்கிற கரடி என்கிறார், பருக்கைக் கல்லால் என் பல்லை நொறுக்கினார் என்கிறார். அதை எந்தக் காலண்டர்க்காரனும் போடமாட்டான்.

வெளியே போனவன் | மேசோட் | திங்கள் இரவு

நான் அந்தச் சீட்டில் இல்லை, ஆனால் யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியும். இங்கே அவர்களை ஒரு தடவை பார்த்தேன். ஒரே அறையில் ஐந்து பேர். மூத்த பையனுக்கு 22, அடுத்தவனுக்கு 19. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவித்த பிறகு, 18-லிருந்து 35-க்குள் பையன் இருக்கிற வீட்டில் என்ன பயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பையன்களை வெளியே எடுக்க ஏஜெண்டுக்குக் கொடுத்துக் கொடுத்துச் சீட்டுக் காசில் முன்னமே ஓட்டை விழுந்திருக்கிறது. கடைசி மாதம் அடைக்க முடியவில்லை. நியாயம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தாம்வே மேரி | யாங்கோன் | திங்கள் இரவு

தம்பி, எனக்கும் மகன் இருக்கிறான். 20 வயது. அவனும் வெளியே தலைகாட்டாமல்தான் இருக்கிறான். நான் யார் காசையும் எடுக்கவில்லை.

அக்கா என்னிடம் வந்து, "மேரி, பையனைக் காப்பாற்ற வேண்டும், உன் சீட்டுக் காசைத் தொட்டுவிட்டேன், என்னைத் திட்டு" என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் என் கழுத்தில் கிடந்ததைக் கழற்றியும் கொடுத்திருப்பேன். 14-வது மாதப் பணத்தை வாங்கும்போது நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மகளுக்கு அட்மிஷன் எப்போது?" என்று கேட்டார். கேட்டாரே.

ஐந்து பேர் ஒரே அறையில் என்று படித்ததும் மனசு இளகியது உண்மை. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

வியாசர்பாடி பேரன் | சென்னை | செவ்வாய் காலை

உங்கள் இழையை என் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

எங்கள் தாத்தாவுக்குத் தௌங்கூவில் பலசரக்குக் கடை. 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, பலகையை மாற்றி, மக்கள் கடை இத்தனாம் நம்பர் என்று போட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது ஜெட்டியில் பாட்டியின் தோட்டைக்கூடக் கழற்ற வைத்தார்கள். அது சர்க்கார் செய்தது. ஆனால் ஊருக்குள் நம்ம ஆட்களே நிறையப் பேர் தாத்தாவுக்கு பாக்கி வைத்திருந்தார்கள். கப்பல் வருகிறது என்று தெரிந்ததும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அதில் ஒருவர் பிறகு இதே வியாசர்பாடியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தார்.

பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு முழங்கால் போடுகிறவர். ஆனால் அந்தப் பாக்கி எழுதிய நோட்டை அவர் தூக்கிப் போடவே இல்லை. யார், எவ்வளவு, அரிசியா எண்ணெயா என்று தாத்தாவின் கையெழுத்தில் இருக்கும். பெரியம்மா கேட்டாராம், மன்னித்துவிட்டாயே, நோட்டு எதற்கு என்று. "மன்னிச்சதுக்கும் கணக்கு வேண்டாமாடி? எவ்வளவை மன்னிச்சேன்னு எனக்குத் தெரியணும்" என்றாராம். இரண்டு தெரு தள்ளி இருந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார், மொய்யும் எழுதினார். மொய்யைத் தனியாக அந்த நோட்டிலேயே குறித்து வைத்தார் என்பது வேறு விஷயம்.

ஜெபவீரன் | யாங்கோன் | செவ்வாய் இரவு

சயா ஐயாவின் பதிலைப் படித்தேன். ஜட்சன் விஷயம் எனக்குத் தெரியாதது, நன்றி. ஆனாலும் ஒன்று சொல்வேன். சகோதரருக்குள் வழக்கு வேண்டாம், அநியாயத்தைச் சகித்துக்கொள்வது நலம் என்று 1 கொரிந்தியர் 6 சொல்கிறதே? மூப்பர் வெளியே பேச வேண்டாம் என்றது அதனால்தான் இருக்கும்.

மோல்மேன் சயா | மோல்மேன் | புதன் காலை

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதே அதிகாரத்தில் 5-ஆம் வசனத்தைக் கொஞ்சம் உரக்கப் படியுங்கள். "உங்களுக்கு வெட்கமுண்டாகும்படி இதைச் சொல்லுகிறேன். சகோதரருக்குள்ளே உண்டான வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா?" பவுல் வழக்கை மூடி வைக்கச் சொல்லவில்லை. வெளியே கொண்டுபோகாதே, நீங்களே உட்கார்ந்து தீருங்கள் என்கிறார். உட்காரவும் மாட்டேன், வெளியே பேசவும் கூடாது என்றால் அந்த வசனத்தில் பாதியை மூப்பர் தமக்கு வசதியாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். மேரி அம்மா அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த ஞாயிறு உட்காரப் போகிறோம்?

பவுலே எப்படி நடந்துகொண்டார் என்று இரண்டாம் தீமோத்தேயு கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. சிறையில் இருக்கிறார், சாவு நெருங்கிவிட்டது என்று தெரியும். தேமா விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். கன்னானாகிய அலெக்சந்தர் வெகு தீமை செய்தான், அவனுக்குக் கர்த்தர் பதில் செய்யட்டும் என்கிறார். அதோடு விடவில்லை. "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று தீமோத்தேயுவை உஷார்ப்படுத்துகிறார். பழிவாங்குவதைக் கர்த்தர் கையில் விட்டாயிற்று, எச்சரிப்பதை விடவில்லை. முதல் விசாரணையில் ஒருத்தனும் கூட இல்லை, எல்லாரும் கைவிட்டார்கள், அது அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று மன்னிக்கிறார். கர்த்தரோ எனக்குத் துணையாக நின்றார் என்பது அதற்கு அடுத்த வரி.

இத்தனை பேர் கைவிட்ட பிறகு அவர் யாரை நம்பினார் பாருங்கள். மாற்கைக் கூட்டிக்கொண்டு வா என்கிறார். ஒரு காலத்தில் பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுப் போன அதே மாற்கு. அவனைச் சேர்க்கமாட்டேன் என்று பர்னபாவோடு சண்டையே போட்டவர் இவர். அப்புறம் துரோவாவில் கார்ப்பு என்பவன் வீட்டில் வைத்த மேலங்கியைக் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன் வா என்கிறார். அந்த மேலங்கி கார்ப்பு வீட்டில் பத்திரமாக இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா, அலெக்சந்தர் ஒரு வகை, மாற்கு ஒரு வகை, கார்ப்பு ஒரு வகை. உங்கள் அக்கா எந்த வகை என்று இன்றைக்கே முடிவு கட்ட வேண்டியதில்லை. மாற்கு விஷயத்தில் பவுலுக்கே வருஷக்கணக்காயிற்று.

ரங்கூன் ரவி | யாங்கோன் | புதன் மத்தியானம்

சயா வேதத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் கணக்கைப் பார்க்கிறேன். எல்லாரும் அக்கா போய்விட்டார், காசு போய்விட்டது என்றே பேசுகிறீர்கள். முழுக் காசும் போகவில்லை.

20 பேர். முதல் சீட்டு அக்கா. 2-லிருந்து 13-வது மாதம் வரை 12 பேர் எடுத்தாயிற்று. 14-வது மாதப் பணம் அக்காவோடு போயிற்று. மீதி 7 பேர் எடுக்கவே இல்லை. ஏலச் சீட்டில் முன்னால் எடுத்தவன் கடன் வாங்கியவன், பின்னால் எடுப்பவன் கடன் கொடுத்தவன். அந்த 12 பேரும் இன்னும் 6 மாதம் கட்ட வேண்டும். ஆளுக்கு 9 லட்சம், மொத்தம் 108 லட்சம். அது அக்காவின் காசு இல்லை, உங்கள் 7 பேரின் காசு. பிரித்தால் ஆளுக்கு 15 லட்சத்துக்கு மேல் வருகிறது. நீங்கள் கட்டியது, தள்ளு கழித்து, 18, 19 லட்சம் இருக்கும். அக்கா கொண்டுபோனது உங்கள் கணக்கில் மிச்சம் மூணு நாலு லட்சம்தான்.

நீங்கள் மூப்பரிடம் போனால் ஆறுதல் கேட்காதீர்கள், அந்த 12 பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்கச் சொல்லுங்கள். கியாட் எப்படி விழுந்தது என்று பாருங்கள். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 1,300 சொச்சம், 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டிவிட்டது. தள்ளிப்போடப் போட உங்களுக்குத்தான் நஷ்டம்.

அஞ்சாம் சீட்டு | யாங்கோன் | புதன் இரவு

பெயர் போடாமல் எழுதுகிறேன். நான் வேறு ஒரு சீட்டில் இதே மாதிரி மாட்டியவன், ஆனால் மறுபக்கம். அஞ்சாவது மாதம் 9 லட்சம் தள்ளி எடுத்தேன், மனைவி ஆப்பரேஷனுக்கு. நடத்தினவர் போன பிறகு, எடுக்காதவர்கள் வந்து எங்களிடம் கட்டு என்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டது நடத்தினவரிடம். நாளைக்கு அவர் திரும்பி வந்து என் பாக்கி எங்கே என்றால் இரண்டு தடவை கட்டுவேனா? தள்ளினதே பெரிய நஷ்டம். எல்லாரும் கடைசியில் நிற்பவர்களுக்கே பரிதாபப்படுகிறீர்கள்.

ரங்கூன் ரவி | யாங்கோன் | புதன் இரவு

நீங்கள் தள்ளினது அன்றைக்கு அவசரத்துக்கு நீங்களே கேட்டு எடுத்த விலை, அது வேறு கணக்கு. இரண்டு தடவை கட்டும் பயம் மட்டும் நியாயம். அதற்குத்தான் சாட்சி வைத்துக் கட்டுவது. 7 பேரும் சேர்ந்து, இவர் தன் பாக்கியை எங்களிடம் தீர்த்துவிட்டார், இனி நடத்தினவர் கேட்டால் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது.

பெகு ஆச்சி | பெகு | வியாழன் காலை

அஞ்சாம் சீட்டுத் தம்பி, உன் பொண்டாட்டி இப்போ நல்லா இருக்கிறாளா? அதை யாரும் கேட்கவில்லையே.

அஞ்சாம் சீட்டு | யாங்கோன் | வியாழன் காலை

நல்லா இருக்கிறாள் ஆச்சி. சாமி புண்ணியம். நீங்கள் கேட்டதற்கு நன்றி. ரவி சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்தால் நான் கட்டுகிறேன், மாதம் முக்கால் லட்சம் வைத்து.

மோல்மேன் சயா | மோல்மேன் | வியாழன் இரவு

ஜட்சனைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அவர் சிறைக்குப் போனபோது புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்பு கையெழுத்துப் பிரதியாகத்தான் இருந்தது. மனைவி முதலில் அதை மண்ணில் புதைத்து வைத்தார். மழைக் காலம், ஈரத்தில் கெட்டுவிடும் என்று எடுத்து, பஞ்சோடு வைத்துத் தைத்து ஒரு தலையணையாக ஆக்கினார். வேண்டுமென்றே கரடுமுரடாகத் தைத்தாராம், காவல்காரன் ஆசைப்படாதபடி. கைதிகளை ஆவாவிலிருந்து மாற்றின நாளில் காவல்காரன் மேல் உறையை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த உருண்டையை வீசிவிட்டான். மவுங் இங் என்ற சீஷன் சிறை வாசலில் தேடிக்கொண்டு வந்தவர், ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்த உருண்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் அவர் வீட்டில் கிடந்து, பிறகு அப்படியே கிடைத்தது.

கர்த்தர் காப்பாற்றினார் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். மவுங் இங்கின் பெயரையும் சொல்லாமல் விடமாட்டோம்.

தாம்வே மேரி | யாங்கோன் | இரண்டு வாரம் கழித்து

எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும்.

சயா சொன்ன 5-ஆம் வசனத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போய் மூப்பரிடம் கொடுத்தேன். முகம் சுருங்கியது. ஆனால் போதகர் ஐயா பக்கத்தில் இருந்தார், "சரி, இந்த ஞாயிறு உட்காருவோம்" என்றுவிட்டார். ஆராதனை முடிந்து பின் அறையில் உட்கார்ந்தோம். 12 பேரில் 9 பேர் வந்தார்கள். ஒருத்தர், கர்த்தர் அக்காவைத் தண்டிப்பார், நாம் ஏன் குழம்ப வேண்டும் என்று ஆரம்பித்தார். அவர் மூணாவது மாதம் எடுத்தவர். யாரோ சிரித்துவிட்டார்கள், அதோடு அந்தப் பேச்சு நின்றது. கடைசியில் வந்தவர்களில் 7 பேர் மாதாமாதம் கட்டுகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் யோசிக்க வேண்டும் என்று போய்விட்டார்கள். முதல் மாதப் பணம் வந்தது. மகளின் அட்மிஷனுக்குப் பாதி ஆயிற்று. மீதிக்கு என்ன வழி என்று இன்னும் தெரியாது.

அக்காவுக்கு ரவி போட்ட கணக்கை அப்படியே வைபரில் அனுப்பினேன். எங்கள் 7 பேர் கணக்கில் நீங்கள் தர வேண்டியது மட்டும் இவ்வளவு, தீர்க்கும்வரை நோட்டில் இருக்கும் என்று எழுதினேன். பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பார்த்திருக்கிறார், பதில் போடவில்லை.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டால், ஆச்சி சொன்ன மாதிரி திட்டுகிறேன். அக்காவைப் பற்றி ஆண்டவரிடம் கோள் மூட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லலாம், ஓடிப்போகமாட்டார். இப்போதைக்கு என் விசுவாசம் அந்த அளவில்தான் இருக்கிறது.

ஜெபவீரன் | யாங்கோன் | அன்றிரவு

சகோதரி, எங்கள் சபையிலும் ஒரு சீட்டு ஓடுகிறது, என் மனைவி கட்டுகிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்த ஒப்பந்தத் தாளில் என்னென்ன எழுதினீர்கள் என்று சொல்ல முடியுமா?

ரங்கூன் ரவி | யாங்கோன் | அன்றிரவு

அண்ணே, வாங்க வாங்க. மாதிரித் தாளை நாளைக்கு இங்கேயே போடுகிறேன், பெயரில்லாமல். மேரி அக்கா, நீங்கள் முதலில் அந்த நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து 7 பேர் போனிலும் வையுங்கள். யோசிக்கப் போன இரண்டு பேரில் ஒருத்தர் எனக்குத் தெரிந்தவர், ஸ்காட் மார்க்கெட்டில் கடை. சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், பேசிப் பார்க்கிறேன்.